டேட்டாவைத் தரப்போவது யார்?

[திரையில்: லண்டன், 1992 அக்டோபர் 26]

குரல்: இந்த நாளில் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கம்ப்யூட்டர் முறைக்கு மாறியது. அதுவரை, போன் வந்தால் விவரத்தைப் படிவத்தில் எழுதுவார்கள், மேப் புத்தகத்தில் இடத்தைத் தேடுவார்கள். படிவம் கன்வேயர் பெல்ட் ஏறிப் போகும். எந்த வண்டியை அனுப்பலாம் என்று அங்கே ஒருவர் முடிவு செய்வார். இனி அதையெல்லாம் மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம்.

அதற்கு முக்கியமாக இரண்டு விவரம் வேண்டும். வண்டி எங்கே இருக்கிறது? காலியாக இருக்கிறதா?

[காட்சி: வண்டிக்குள் ஒரு சிறிய கருவி, வரிசையாகப் பட்டன்கள்]

இரண்டாவதற்குப் பதில் தர வேண்டியவர் வண்டியில் போகும் ஊழியர். கிளம்பியதும் ஒரு பட்டன், போய்ச் சேர்ந்ததும் ஒன்று, மருத்துவமனைக்குப் புறப்படும்போது இன்னொன்று. மூச்சுத் திணறுகிறவரைத் தூக்கி ஏற்றும் நேரத்தில் பட்டன் ஞாபகம் வருமா? சில நேரம் அழுத்தவில்லை, சில நேரம் வரிசை மாறியது. ஒதுக்கிய வண்டியை விட்டு வேறு வண்டியில் கிளம்பியதும் உண்டு. சில இடங்களில் ரேடியோ சிக்னலும் எட்டவில்லை.

விளைவு, ஒரே இடத்துக்கு இரண்டு வண்டி போனது. இன்னொரு இடத்தில் ஆள் காத்துக் கிடந்தார். எச்சரிக்கைச் செய்திகள் திரையில் குவிந்தன. மறுநாளே பாதி வேலை கைக்குத் திரும்பியது. நவம்பர் 4-ம் தேதி, வேறொரு நிரல் பிழையால், முறை முழுவதும் நின்றுபோனது.

1993-ல் வந்த விசாரணை அறிக்கை, ஏறக்குறையப் பிசகே இல்லாத தகவலை நம்பி அந்த முறை கட்டப்பட்டது என்றது. மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளை எழுதியபோது ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பங்கு மிகக் குறைவு என்றும் சொன்னது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்தப் பட்டனைப் பற்றி அவர்களைவிட யாருக்குத் தெரியும்?

[திரையில்: யார் தருவார்? எப்போது? தராவிட்டால்?]

சரி, நம் மென்பொருள் புராஜெக்டில் என்ன செய்யலாம்? மென்பொருள் கேட்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே இந்த மூன்று கேள்வியை எழுதுங்கள். பதிலை மேனேஜரிடம் கேட்காதீர்கள். பதிவு செய்கிறவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். வெற்றுப் படிவம் போதாது, பூர்த்தி செய்த பழைய படிவங்களை வாங்கிப் பாருங்கள். எந்தக் கட்டம் எப்போதும் காலி, ஓரத்தில் என்ன கிறுக்கியிருக்கிறார்கள் என்று தெரியும்.

மருத்துவமனைப் பதிவில் பிறந்த தேதியைக் கட்டாயமாக்கினால், வயது மட்டும் தெரிந்த பாட்டிக்கு ஜனவரி 1 என்றுதான் பதிவாகும். கவுன்ட்டரில் இருப்பவரிடம் முன்பே கேட்டிருந்தால், 'தோராயமான வயது' என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருப்பார்.