பள்ளிக்கூடத்துக்குள் ஊர் வரட்டும்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, என் அணித் தோழிகளே, மாரியம்மன் பொங்கலுக்கு வந்துவிட்டு இந்த ராத்திரி நேரத்திலும் பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர்ச் சனங்களே, எல்லோருக்கும் வணக்கமுங்க.

தலைப்பை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை உயர்த்துவது பாடமும் பரீட்சையுமா, ஊர் கூடி நடத்தும் கலையும் விளையாட்டும் மன்றங்களுமா? நான் இரண்டாவது பக்கம் பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஐயா மூன்று கேள்விகளை எங்கள் முன் வைத்துவிட்டுப் போனார். பரீட்சை நெருங்கும்போது கும்மி எதற்கு என்றார். ஊர்க்காரர்களைப் பள்ளிக்குள் விட்டால் கட்சியும் சாதியும் கூடவே வராதா என்றார். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற பெற்றோருக்குப் பள்ளிக்கு வர நேரம் எங்கே இருக்கிறது என்றார். மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன்.

முதல் கேள்விக்கு என் வீட்டுத் திண்ணையில் இருந்து தொடங்குகிறேன். கொரோனாவில் ஒன்றரை வருடத்துக்கு மேல் பூட்டிக்கிடந்த தொடக்கப்பள்ளிகள் 2021 நவம்பரில் திறந்தன. அந்தச் சமயத்தில்தான் அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்றார்கள். நானும் பேர் கொடுத்தேன். திண்ணையில் இருபது பிள்ளைகள். அதில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், கூட்டல் என்றாலே தலையைக் குனிந்துகொள்வான். விரலை மடக்கி எண்ணக்கூடக் கூச்சம்.

ஒரு நாள் அவனைக் கூட்டிப்போக அவனுடைய அமுச்சி, அம்மாவைப் பெற்ற பாட்டி, வந்தார். மழை பிடித்துக்கொண்டது. சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று அட்டத்தில் கிடந்த பல்லாங்குழியை எடுத்துப் போட்டேன். பதினான்கு குழி, குழிக்கு ஐந்து முத்து. அந்த அம்மா பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். ஆனால் கையில் முத்தை அள்ளும்போதே கடைசி முத்து எந்தக் குழியில் விழும், அதற்கடுத்து எதை எடுப்போம், எங்கே காலிக்குழி வரும் என்று பார்த்து முடித்துவிடுகிறார். "எப்படிங்க தெரியுது?" என்று நான் கேட்டேன். அவர் சொல்லிக்கொடுத்தார். நான் கற்றுக்கொண்டேன். அந்தப் பையன் என் முகத்தைப் பார்க்கிறான், அமுச்சி முகத்தைப் பார்க்கிறான். டீச்சரே தன் அமுச்சியிடம் கணக்குக் கேட்கிறார் என்பதை அவனால் நம்ப முடியவில்லை. ஒரு வாரத்தில் எழுபது முத்தும் அவன் கைக்குப் பழகிவிட்டது. அப்புறம் ஐந்தாம் வாய்ப்பாட்டை நான் சொல்லிக்கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை, அது குழியில் கிடந்தது.

நடுவர் ஐயா, இதை நீங்கள் விளையாட்டு என்பீர்களா, பாடம் என்பீர்களா? பள்ளியில் கற்பது ஒன்று, வீட்டில் இருப்பது வேறொன்று என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், அது வீட்டைப் பற்றி வெட்கப்படத் தொடங்குகிறது. அப்பா தறி ஓட்டுகிறார் என்று சொல்லக் கூச்சம். அம்மா கையெழுத்து கோணலாக இருக்கிறதென்று ரேங்க் கார்டை ஒளித்து வைக்கிறது. அப்படிக் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பாடம் எப்படிங்க ஏறும்? அமுச்சிக்கும் கணக்குத் தெரியும் என்று தெரிந்த அன்றைக்குத்தான் அந்தப் பையன் தலை நிமிர்ந்தான். நான் இங்கே வாதாட வந்திருப்பது அந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

மதிப்பெண் வேண்டாம் என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண்ணை மட்டுமே துரத்தினால் என்ன ஆகும் என்பதை நம் கொங்குப் பகுதிக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு கேட்டுக்கு வெளியே காத்து நின்ற பெற்றோரில் பலர் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொடாமல் நேராகப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை நடத்திய பள்ளிகள் இருந்ததால்தான் 2018-இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வைத்தார்கள். அதற்கு முந்தைய வருடமே, மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்திவிட்டது. அப்போது பள்ளிக்கல்வி அமைச்சராக இருந்தவர் நம் கோபிச்செட்டிபாளையத்துக்காரர் கே.ஏ. செங்கோட்டையன். அந்த முடிவு வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் அந்தச் சந்தோஷம் இருக்கிறது.

சரி, கும்மிக்கு வருகிறேன். வாத்தியார் ஐயா கேட்டது அதைத்தானே.

2022-இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது. எங்கள் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வள்ளிக்கும்மி கற்றுத் தரலாம் என்று முடிவெடுத்தோம். பக்கத்து ஊர்க் கும்மி ஆசிரியர் சம்பளம் வாங்காமல் வந்தார். நம் பக்கத்தில் அதுதான் வழக்கம். இரண்டு மூன்று மாதம் ஊரில் வந்து சொல்லிக்கொடுத்து, அரங்கேற்றம் முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்களே, இந்தக் கும்மிக்காகத்தான். ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். அவர் அந்தக் கதவைத் திறந்திருக்காவிட்டால் எங்கள் பள்ளி மைதானத்தில் பெண் பிள்ளைகள் கும்மி கொட்டியிருப்பார்களா?

அந்த வருடம் ஆறாம் வகுப்பில் ஒடிசாவில் இருந்து வந்த ஒரு பெண் பிள்ளை சேர்ந்திருந்தாள். அப்பா சாயப்பட்டறையில் வேலை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கடைசி பெஞ்சு, சன்னல் ஓரம். எந்த ஆசிரியரையும் நான் குறை சொல்லவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த ஒருத்திக்கு மட்டும் அ, ஆவில் இருந்து தொடங்க யாரால் முடியும்? கும்மி வட்டத்தில் அவளையும் நிறுத்தினோம். கும்மிக்கு முதலில் மொழி வேண்டாம் பாருங்கள், கை வேண்டும், கால் வேண்டும், ஜமாப் மேளத்தின் அடி காதில் விழ வேண்டும். இரண்டு வாரத்தில் அவள் அடி எடுத்துவைப்பதைப் பார்த்து மற்ற பிள்ளைகள் திருத்திக்கொண்டார்கள். ஆடத் தெரிந்ததும் பாட்டு என்ன சொல்கிறது என்று கேட்கத் தொடங்கினாள். தினைப்புனம் என்றால் என்ன, கவண் என்றால் என்ன, வள்ளி எதற்குப் பரண் மேல் நிற்கிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் அவள் எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டாள். அப்புறம் அதைத் தமிழில் எழுதிப் பார்த்தாள். அரையாண்டுப் பரீட்சைக்குத் தமிழ்த் தாளில் பத்து வரி எழுதியிருந்தாள். அதைப் பார்த்துத் தமிழாசிரியை கண் கலங்கியதை நான் நேரில் பார்த்தேன். வாத்தியார் ஐயா, பரீட்சை நேரத்தில் கும்மி எதற்கு என்று கேட்டீர்களே, அந்தப் பிள்ளை பரீட்சை எழுதியதே கும்மியால்தான்.

இப்போது இரண்டாவது கேள்வி. ஊர் வந்தால் சாதியும் வரும் என்றீர்கள். மறுத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் அது உண்மை. சத்துணவு சமைப்பது யார் என்று பார்த்துப் பிரச்சினை செய்த ஊர்கள் நம் பக்கத்திலும் உண்டு. கும்மிப் பயிற்சியிலும் அது வந்தது. என் பிள்ளை யாருக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்று முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து கேட்டார். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியாக இருந்த அக்கா சத்தம் போடவில்லை. ஆசிரியரிடம் சொல்லி எல்லாப் பிள்ளைகளையும் உயர வரிசையில் நிறுத்தச் சொன்னார். குட்டையில் தொடங்கி நெட்டையில் முடிந்தது வட்டம். "உங்க புள்ளையோட உயரம் மாறுச்சுன்னா இடம் மாத்தித் தர்றோமுங்க" என்றார். அந்த மனிதர் அரங்கேற்றத்துக்கு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

அந்த அக்கா எப்படித் தலைவியானார்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவினருக்கும் உரிய பங்கு வேண்டும். ஆகவே பள்ளிக்கு வெளியே இருக்கிற ஊரும், இந்தச் சட்டப்படி பள்ளிக்குள் வந்து உட்காருகிற ஊரும் ஒன்றல்ல. வெளியே பேச இடம் கிடைக்காதவருக்கும் இங்கே நாற்காலி உண்டு. சாதி வரும் என்று பயந்து கேட்டைப் பூட்டினால் அது வெளியே பத்திரமாகத்தான் இருக்கும். உள்ளே கூட்டிவந்து பிள்ளைகள் முன்னால் நிறுத்தினால்தான் அதற்கு வெட்கம் வரும்.

மூன்றாவது, நேரம். இதில் எனக்கு மனவருத்தமே உண்டு. குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு. அந்த நேரத்தில் எங்கள் ஊரில் வீட்டில் இருப்பவர் யார்? ஓவர்லாக் மிஷினில் இருப்பவர் எழுந்து வந்தால் அரை நாள் கூலி போகும். ஆள் வராததால் தீர்மானப் புத்தகம் வீடு வீடாக வந்து கையெழுத்து வாங்கிப்போனது. என்ன தீர்மானம் என்று படித்துப் பார்க்காமல் நானும் போட்டிருக்கிறேன், அது தப்பு. அதனால் சட்டப்படியான கூட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளி வேப்பமரத்தடியில் தனியாகக் கூடினோம். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு, இதுதானே திருப்பூர்க் கணக்கு. முதல் ஞாயிறு பதினொரு பேர். மூன்றாவது ஞாயிறு கொண்டுவந்த பாய் பத்தவில்லை.

வந்தவர்கள் சும்மா வரவில்லைங்க. ஒரு டெய்லர் அண்ணன் கட்டிங்கில் மிச்சமான துணியில் முப்பது பிள்ளைகளுக்குக் கும்மிச் சட்டை தைத்தார். சென்னிமலையில் தறி ஓட்டும் ஒருவர் சின்னத் தறி ஒன்றைக் கொண்டுவந்து, ஊடும் பாவும் எப்படிச் சேருகின்றன, போர்வையில் ஒரு கட்டம் வர எத்தனை இழை எண்ண வேண்டும் என்று காட்டினார். அவர் மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்பு. அப்பா பேசி முடிக்கும்வரை அவள் உட்காரவே இல்லை.

அதே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் நஞ்சராயன் குளத்துக்குப் போனோம். ஊத்துக்குளி ரோட்டில் போகிற வழியில் தினமும் பார்க்கிற குளம். 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. அதுவரை அந்தக் குளத்தைப் பஸ் சன்னலில் மட்டும் பார்த்த பிள்ளைகள், நோட்டில் கோடு போட்டுப் பறவை பேர், எண்ணிக்கை, நேரம் என்று எழுதினார்கள். நொய்யல் கரையில் கொடுமணலுக்கும் கூட்டிப்போனோம். பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் அதுதான் என்கிறார்கள். இரும்பு உருக்கியதற்கும் கல்மணி செய்ததற்கும் அகழாய்வில் சான்று கிடைத்த மண். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாக இருப்பது நம் வீட்டில் இருந்து ஒரு மணி நேரத்துக்குள் கிடக்கிறது. போகாமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு?

பணம் கொடுப்பதில் கொங்கு நாடு என்றைக்கும் பின்வாங்கியதில்லை. பீளமேட்டில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் சொத்தை ஐந்தாகப் பங்கிட்டு, ஐந்தாவது பங்கை அறத்துக்கு எழுதிவைத்தது 1926-இல். இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் ராமகிருஷ்ண வித்யாலயத்தை தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கினார். காமராசர் காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்றால், ஊர்க்காரர்கள் மேசை, நாற்காலி, மணி, சீருடைத் துணி என்று கொண்டுவந்து இறக்கினார்கள். இன்றைக்கும் நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளித் திட்டத்துக்குப் பணம் போடுகிற நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டடம் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் கல்வெட்டில் பேர் பொறித்துவிட்டு அப்புறம் அந்தப் பக்கமே வராத ஊர்ப் பெரியவர்களிடம் நான் கேட்பது பணமல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் வந்து உட்காருங்கள். உங்களுக்குத் தெரிந்தது எதுவானாலும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். மஞ்சள் வேக வைப்பது தெரியுமா, அதைச் சொல்லுங்கள். காங்கேயம் காளைக்குப் பல் பார்த்து வயது சொல்லத் தெரியுமா, அதைச் சொல்லுங்கள். ஏணியைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தாலும் போதும், நூலக அறைச் சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டியிருக்கிறது.

வரும் அக்டோபர் 2 கிராமசபையில் அந்த நூலக அறைக் கூரைக்குத் தீர்மானம் வைக்கிறோம். அன்றைக்குக் கை தூக்க வாருங்கள்.

நடுவர் ஐயா மணியைக் கையில் எடுத்துவிட்டார். கடைசியாக ஒன்று, இது எதிரணி வாத்தியார் ஐயாவுக்கு. ஐயா, தை மாதம் பிள்ளைகளைக் காலிங்கராயன் வாய்க்காலுக்குக் கூட்டிப்போகிறோம். பவானியில் தொடங்கி நொய்யல் வரைக்கும் சுமார் 90 கிலோமீட்டர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டியது. பாம்பு போன பாதையில் வெட்டினார்கள் என்று கதை சொல்கிறார்கள், அவ்வளவு வளைவு. ஏன் நேராக வெட்டவில்லை, அந்தக் காலத்தில் நீர்மட்டம் எப்படிப் பார்த்தார்கள், வளைந்தால் தண்ணீரின் வேகம் என்ன ஆகும் என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பது வருடம் கணக்கு நடத்திய உங்களுக்குத் தெரியும். பஸ்ஸில் முன் சீட்டை உங்களுக்கு வைத்திருக்கிறோம். காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் இருந்து கிளம்புகிறது.

நன்றி, வணக்கமுங்க.