சிறைச் சுவரில் ஒரு மகள் எழுதிய வரி, ஒரு சிம்பொனி ஆன கதை

1944 செப்டம்பரில், போலந்தின் ஜகோபனே நகரில் நாஜி ரகசியப் போலீசார் நடத்திய சிறையின் சுவரில், 18 வயதுப் பெண் ஒருத்தி, தன்னை நினைத்து அழ வேண்டாமென்று அம்மாவுக்குச் சொல்லி, விண்ணரசி மரியாளின் துணையை வேண்டி எழுதி வைத்தாள். அந்த வரிகள் இன்று உலகமெங்கும் அரங்குகளில் பாடப்படுகின்றன.

அவற்றுக்கு இசை அமைத்தவர் போலந்து இசையமைப்பாளர் ஹென்ரிக் குரெட்ஸ்கி. 1976இல் அவர் எழுதி முடித்த மூன்றாம் சிம்பொனிக்குச் ‘சோகப் பாடல்களின் சிம்பொனி’ என்று பெயர். மறு ஆண்டு பிரான்சில் அரங்கேறியபோது விமர்சகர்கள் பலர் கடுமையாகச் சாடினார்கள். 1992இல் அமெரிக்கப் பாடகி டான் அப்ஷா பாடி வெளிவந்த ஒலிப்பதிவோ பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது.

முதல் பகுதியின் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம், ஏனெனில் இதில் என்னை மிகவும் கவர்ந்த இடம் அதுதான். தந்தி வாத்தியங்களிலேயே மிகத் தாழ்ந்த ஒலி கொண்ட டபுள் பாஸ்கள் மட்டும், காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கும் அளவுக்கு அடங்கிய ஒலியில், ஒரு மெட்டை வாசிக்கத் தொடங்குகின்றன. அது முடிந்ததும் அடுத்த குழு அதே மெட்டைச் சுர வரிசையில் ஐந்தாம் இடத்திலிருந்து, அதாவது முன்னது ‘ச’வில் தொடங்கியதென்றால் இது ‘ப’வில், எடுக்க, முதல் குழுவும் நிறுத்தாமல் மீண்டும் தொடக்கத்துக்குப் போகிறது. இப்படியே குழு குழுவாகச் சேர்ந்து, தந்தி வாத்தியங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, பிறகு ஒரே சுரத்தில் வந்து கூடுகின்றன. ஏறத்தாழ 13 நிமிடங்கள் கழித்து, அந்த ஒற்றைச் சுரத்திலிருந்துதான் பெண் குரல் எழுகிறது: சிலுவையில் தொங்கும் மகனிடம், உன் காயங்களை என்னோடு பகிர்ந்துகொள் என்று மரியாள் கேட்கும் 15ஆம் நூற்றாண்டுப் புலம்பல். அவள் பாடி ஓய்ந்ததும் அந்த இசை முழு வலுவோடு திரும்பி, ஏறிய படிகளில் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் டபுள் பாஸ்களிடமே வந்து அடங்குகிறது.

இரண்டாம் பகுதியில் வருபவைதான் அந்தச் சிறைச் சுவர் வரிகள். கடைசியான மூன்றாம் பகுதி, கிளர்ச்சியில் இறந்த மகனின் உடலைத் தேடி அலையும் தாயின் நாட்டுப்பாடல்.

இந்தச் சிம்பொனியை நாஜிக் கொடுமைக்கான நினைவஞ்சலி என்று மட்டும் சுருக்குவது எனக்கு ஏற்புடையதன்று. முதல் பகுதியிலும் மூன்றாம் பகுதியிலும் தாய் மகனுக்காக அழுகிறாள். நடுப்பகுதியில் மட்டும் பிள்ளை தாயைத் தேற்றுகிறாள். அதே சிறையில் பிறர் எழுதியவற்றில் கோபமும் குமுறலும் நிறைந்திருக்க, இவள் மட்டும் பழிவாங்கச் சொல்லவில்லை என்பதே குரெட்ஸ்கியை ஈர்த்தது. இரண்டு வயதிலேயே தாயை இழந்தவர் அவர். சுவரில் எழுதிய அந்தப் பெண் போருக்குப் பின்னும் உயிரோடு இருந்தாள் என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

முதன்முறை கேட்பவர்கள் நடுப்பகுதியிலிருந்து தொடங்குங்கள், அது பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் பகுதியை, இடையில் நிறுத்தாமல் கேட்க அரைமணி நேரம் கிடைக்கும் நாளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.