இரண்டு டியூப் பசை: எப்போக்சி ஒட்டு ஏன் கழன்றுவிடுகிறது?

[திரையில்: கல் பீடத்திலிருந்து கழன்று விழுந்த ஓர் உலோகப் பரிசுக்கோப்பை. பக்கத்தில் ரெசின் டியூப் ஒன்று, ஹார்டனர் டியூப் ஒன்று.]

வணக்கம். இந்தக் கோப்பையை ஏற்கெனவே ஒருமுறை எப்போக்சி வைத்து ஒட்டியிருக்கிறார்கள். கழன்ற இடத்தைக் கிட்டத்தில் பாருங்கள். பசை மொத்தமும் கல்லோடு தங்கிவிட்டது. கோப்பையின் அடிப்பக்கம் மட்டும் பளபளவென்று, பசை பட்ட தடமே இல்லாமல் இருக்கிறது. அதாவது பசை உடையவில்லை, உலோகத்தை அது பிடிக்கவே இல்லை. என் மேசைக்கு வந்த கழன்ற ஒட்டுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தன. அதனால் இந்த வீடியோவில் பசை தடவுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைத்தான் அதிகம் பேசப்போகிறேன்.

[திரையில்: இரண்டு டியூப்களிலிருந்தும் அட்டைமேல் பிதுக்கிய இரண்டு கோடுகள்.]

மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, அதிலுள்ள தண்ணீர் போனதும் இறுகும். எப்போக்சி காய்வதில்லை; ஒரு டியூபில் இருக்கும் ரெசினும் மற்றதில் இருக்கும் ஹார்டனரும் கலந்து, வினைபுரிந்து இறுகுகின்றன. ரெசின் மூலக்கூறின் முனைகளில் இரண்டு கார்பனும் ஓர் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு குட்டி முக்கோண வளையம் இருக்கிறது. ஹார்டனர் அந்த வளையத்தைத் திறந்து, அதோடு தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. இப்படிக் கோடிக்கணக்கான முடிச்சுகள் விழுந்து, கடைசியில் ஒட்டு முழுவதும் ஒரே வலையாகிவிடும். எதுவும் ஆவியாகிப் போகாததால் பெரிதாகச் சுருங்காது, இடைவெளியையும் நிரப்பும். காற்றே புகாத இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவிலும் இறுகும்.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு வளையத்துக்கும் ஹார்டனரில் ஒரு ஜோடி வேண்டும். 'கொஞ்சம் ஹார்டனரைக் கூட்டினால் சீக்கிரம் இறுகும்' என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. ஜோடி கிடைக்காத ஹார்டனர் உள்ளேயே தங்கி, ஒட்டு ரப்பர் மாதிரி தொளதொளவென்று நின்றுவிடும். எத்தனை நாள் காத்திருந்தாலும் அது சரியாகாது. சமபங்கு என்று லேபிளில் இருந்தால், ஒரே தடிமனில், ஒரே நீளத்தில் இரண்டு கோடுகள். வேறு விகிதம் போட்டிருந்தால் அதன்படி.

ஆனால் கலப்பதற்கு முன்னால் பரப்பைத் தயார் செய்துவிடுங்கள். கலந்துவிட்டால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும்.

[திரையில்: பழைய பசையை ஹீட் கன்னால் சூடாக்கிச் சுரண்டுவது.]

பழைய எப்போக்சியைச் சூடாக்கினால் இளகும், சுரண்டி எடுத்துவிடலாம். அப்புறம் மூன்று படிகள், இந்த வரிசையிலேயே. முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். பிறகு 80 அல்லது 120 எண் உப்புத்தாளால், பளபளப்பு போகும்வரை தேயுங்கள். கடைசியில் மறுபடியும் துடையுங்கள். முதல் துடைப்பை விட்டுவிட்டுத் தேய்த்தால், மேலே இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைக் கீறல்களுக்குள் நாமே அழுத்தி ஏற்றிவிடுவோம். அசிட்டோனும் நன்றாகச் சுத்தம் செய்யும், ஆனால் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க எனக்குப் பிடித்த சோதனை ஒன்று உண்டு. உலோகத்தின்மேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்துமுத்தாகத் திரண்டு நின்றால் இன்னும் பிசுக்கு இருக்கிறது. படலமாகப் பரவினால் சரி. நன்றாக உலர்த்துங்கள். அதற்குப் பிறகு விரல் படவே கூடாது.

உடைந்த பீங்கானுக்கு மட்டும் இதில் ஒரு விலக்கு. புதிதாக உடைந்த விளிம்பைத் தேய்க்காதீர்கள், இரண்டு துண்டும் அச்சாகப் பொருந்தாமல் போய்விடும். துடைத்தால் போதும்.

[திரையில்: நைட்ரைல் கையுறை மாட்டும் கைகள்.]

கையுறை கட்டாயம். இறுகாத எப்போக்சி தோலில் அடிக்கடி பட்டால் ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கத் தொடரக்கூடும். தெரியாமல் பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அசிட்டோனால் துடைக்காதீர்கள், தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் அது எடுத்துவிடும்.

இப்போது கலக்கலாம். தட்டையான அட்டையில், ஒரு முழு நிமிடமாவது, ஓரத்தில் ஒட்டியிருப்பதையும் வழித்துச் சேர்த்துக் கலக்குங்கள். கோடு கோடாகத் தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். குவியலாக விட்டால் அதன் சூட்டிலேயே வேகமாக இறுகிவிடும். மெல்லியதாகப் பரப்பி வைத்தால் இன்னும் சில நிமிடங்கள் கிடைக்கும்.

[திரையில்: கோப்பையின் அடியில் பசை தடவி, பீடத்தில் பொருத்தி, டேப் சுற்றுவது.]

இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, சேர்த்து, நகராமல் இருக்கும் அளவுக்கு மட்டும் டேப் போடுங்கள். கிளாம்ப் போட்டு இறுக்கினால் பசை எல்லாம் வெளியே வழிந்து, நடுவில் எதுவும் மிஞ்சாது. இழுத்தாலும் நழுவத் தள்ளினாலும் எப்போக்சி நன்றாகத் தாங்கும். ஓரத்திலிருந்து நெம்பினால்தான் அது தோற்கும். கோப்பை உயரமானது, தலையில் தட்டினால் அடியில் நெம்புகோல் வேலைசெய்யும். அதனால் இதன் அடியிலும் பீடத்திலும் துளையிட்டு ஒரு சிறு ஆணியையும் உள்ளே வைத்திருக்கிறேன். ஒட்டின் ஆயுளை இது வெகுவாகக் கூட்டும்.

'5 நிமிடம்' என்று டியூபில் போட்டிருப்பது, பசை இறுகத் தொடங்கும் நேரம். முழு வலு வர 24 மணி நேரம் விடுங்கள், குளிராக இருந்தால் இன்னும் அதிகம். நேரம் இருந்தால் நான் மெதுவாக இறுகும் வகையைத்தான் எடுப்பேன்; பொதுவாக அது தண்ணீரையும் சூட்டையும் அதிகம் தாங்கும்.

எல்லாவற்றிலும் இது ஒட்டாது. பாலித்தீன், பாலிபுரொப்பிலீன், டெஃப்லான், சிலிக்கோன் இவற்றில் பிடிக்கவே பிடிக்காது. பிளாஸ்டிக்கின் அடியில் முக்கோணத்துக்குள் 2, 4, 5 இவற்றில் ஒன்று இருந்தால் அது பாலித்தீன் அல்லது பாலிபுரொப்பிலீன்; வேறு வழி பாருங்கள். இதையே நமக்குச் சாதகமாகவும் ஆக்கலாம்: வேலைக்குக் கீழே பாலித்தீன் தாளை விரித்தால் மேசையில் ஒட்டாது. சாதாரண வகைகள் சூட்டில் இளகும், அதனால் கொதிக்கும் பானம் ஊற்றும் கோப்பைக்கு வேண்டாம். உணவு படும் இடத்துக்கு, அதற்கென்று லேபிளில் சொல்லியிருந்தால் மட்டும். எரிவாயுக் குழாய், ஏணி, ஹெல்மெட், பிரேக் பாகம் எதையும் இதை நம்பி ஒட்டாதீர்கள். உடைந்தால் மாற்றத்தான் வேண்டும்.

[திரையில்: மறுநாள். டேப்பைப் பிரித்து, கோப்பையைப் பிடித்துத் தூக்க, பீடமும் சேர்ந்து மேலே வருகிறது.]

மிச்சப் பசையை மூடிவைக்கும்போது மூடிகளை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றில் ஒட்டியிருக்கும் துளி மற்றதோடு கலந்து இறுகிவிட்டால், அடுத்த தடவை அந்த டியூப் திறக்காது.