மீன் எண்ணெயும் வெள்ளை அணுக்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் சித்தப்பா ஒரு டப்பாவோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாக மீன் எண்ணெய் மாத்திரைகள். "எதிர்ப்பு சக்தி கூடும்னு கடைக்காரர் சொன்னார்டா, நீ என்ன சொல்றே?" என்றார். கூடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீன் எண்ணெய் வெள்ளை அணுக்களை உசுப்பிவிடுவதில்லை. பெரும்பாலும் அவற்றை அடக்கி வாசிக்க வைக்கிறது.

ஒவ்வொரு அணுவையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சவ்வு இருக்கிறது. நாம் சாப்பிடும் கொழுப்புக்கு ஏற்ப அந்தச் சவ்வின் சரக்கும் மாறும். வழக்கமாக அதில் அராக்கிடோனிக் அமிலம் நிறைய உண்டு. கிருமி நுழைந்தால், வெள்ளை அணு அந்த அமிலத்தைப் பிரித்து லூக்கோட்ரையீன் பி4 என்ற பொருளைச் செய்து வெளியே விடும். மற்ற வெள்ளை அணுக்களை "ஓடி வாங்க" என்று கூப்பிடும் குரல் அது. வீக்கமும் வலியும் பின்னாலேயே வரும். தொடர்ந்து மீன் எண்ணெய் சாப்பிடுபவருக்கு, அந்த அமிலம் இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஈ.பி.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு வந்து உட்காரும். அதிலிருந்து கிடைப்பது லூக்கோட்ரையீன் பி5. இதுவும் கூப்பிடத்தான் செய்கிறது, ஆனால் ரொம்பச் சன்னமாக.

1989இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நோயில்லாத ஒன்பது பேர். ஆறு வாரம், தினமும் 18 கிராம் மீன் எண்ணெய். ஒரு கிராம் மாத்திரையாக விழுங்கினால் நாளைக்குப் பதினெட்டு! அவர்கள் ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, பாக்டீரியாவின் நச்சுப் பொருளைச் சேர்த்துச் சீண்டினார்கள். அழற்சியை மூட்டிவிடும் இன்டர்லூக்கின்-1 பீட்டா, முன்பு சுரந்ததைவிட 43 சதவீதம் குறைவாகவே சுரந்தது. எண்ணெயை நிறுத்திப் பத்து வாரம் கழித்துப் பார்த்தால் குறைவு 61 சதவீதம். நிறுத்திய பிறகும் இறங்கியிருக்கிறது, பாருங்கள்.

இது நல்லதா கெட்டதா என்றால், ஆளைப் பொறுத்தது. முடக்குவாதத்தில் எதிர்ப்பு அணுக்கள் சொந்த மூட்டையே தாக்குகின்றன. அங்கே இந்த அடக்கம் வேண்டியதுதான். அந்த நோயாளிகளில் சிலருக்கு வலியும் காலை நேர விறைப்பும் குறைந்ததுண்டு, அதுவும் அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்த பிறகு. ஆனால் எலிகளுக்கு மீன் எண்ணெயை அளவுக்கு மீறிக் கொடுத்த சில சோதனைகளில், லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவோடு போராட அவை திணறின.

சரி, சாதாரண அளவில்? 2022இல் வெளியான வைட்டல் என்ற ஆய்வில், சுமார் 26,000 அமெரிக்கர்களில் ஒரு பாதிப்பேருக்குத் தினம் ஒரு கிராம் ஒமேகா-3 மாத்திரையும், மறுபாதிக்கு வெற்று மாத்திரையும் ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். மீன் எண்ணெய் எடுத்தவர்களிடம் தன்னுடல் தாக்குநோய்கள் 15 சதவீதம் குறைவு. ஆனால் புள்ளியியல் கணக்கில் அது உறுதியாக நிற்கவில்லை. விளம்பரங்களில் இந்தக் கடைசி வரி வராது.

சித்தப்பா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர். அதனால் முதலில் அவருடைய டாக்டரைக் கேட்கச் சொன்னேன். "அப்போ மீனே சாப்பிடலாமா?" என்றார். தாராளமாக. மத்தி, அயிலை இரண்டிலும் இந்தக் கொழுப்பு நன்றாகவே இருக்கிறது. குழம்பாக வைத்தால் இன்னும் நல்லது.

"இதை எடுத்துட்டு நிறுத்தினா?" என்று டப்பாவைக் காட்டினார். அந்த ஒன்பது பேரையும், எண்ணெயை நிறுத்தி இருபது வாரம் கழித்து, மறுபடி சோதித்திருந்தார்கள். அணுக்கள் பழைய நிலைக்கே திரும்பியிருந்தன. அதைச் சொன்னதும் சித்தப்பா டப்பாவைத் திருப்பி விலையைப் பார்த்தார்.