ஒரே ஏரி, மூன்று முன்னறிவிப்புகள்: மிச்சிகன் ஏரிக்கரையின் வசந்தகால வானிலை

[திரையில்: மிச்சிகன் ஏரியின் தென்பகுதி வரைபடம். மேற்குக் கரையில் சிகாகோ, அதற்கு வடக்கே மில்வாக்கி.]

ஏப்ரல் மாதப் பிற்பகல். சிகாகோவின் மேற்குப் புறநகரில் வெப்பநிலை 24 டிகிரி செல்சியஸைத் தொட்டிருக்கிறது. அதே நேரத்தில் ஏரிக்கரையில் 9 டிகிரி. கனமான கோட்டு இல்லாமல் அங்கே நிற்க முடியாது. இரண்டு இடங்களுக்கும் நடுவே 30 கிலோமீட்டர்தான். வசந்தகாலத்தில் இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட நாட்கள் சகஜம். நிலத்துக்கு ஒன்று, விமானநிலையத்துக்கு ஒன்று, ஏரிக்கு ஒன்று என மூன்று முன்னறிவிப்புகள் இங்கே எழுதப்படுகின்றன. மூன்றையும் ஆட்டிவைப்பது அந்த ஒரே ஏரி.

ஏரியின் நீளம் ஏறத்தாழ 494 கிலோமீட்டர். பரப்பு சுமார் 58,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 281 மீட்டர். இவ்வளவு தண்ணீர் சூடேற நாளாகும். நிலம் மார்ச் வெயிலில் ஒரே பகலில் சூடாகிவிடும். ஏரி ஏப்ரலிலும் 4, 5 டிகிரியில்தான் கிடக்கும்.

[திரையில்: ஏரியின் குறுக்குவெட்டுப் படம். கரையோரம் இளஞ்சிவப்பு, நடுவில் அடர்நீலம்.]

தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். கரையோரத்து ஆழமற்ற நீர் அதைத் தாண்டிச் சூடாகும்போது, நடு ஏரி இன்னும் 2, 3 டிகிரியில் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் 4 டிகிரி நீர் உருவாகி, எடை கூடி, அடியை நோக்கி இறங்கும். இப்படி நீர் இறங்கிக்கொண்டே இருக்கும் வரை கரைநீரும் நடுநீரும் எளிதில் கலப்பதில்லை. மே மாதத்தில் கரையில் காலை நனைத்துப் பார்த்துவிட்டு, நடு ஏரியும் இப்படித்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பகலில் நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி எழும்பும். அந்த இடத்தை நிரப்ப ஏரியின் குளிர்காற்று உள்ளே நுழையும். சென்னைவாசிகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மே மாத நண்பகலில் மெரினாப் பக்கமிருந்து வரும் கடற்காற்று இதே கதைதான். ஆனால் வங்கக் கடலின் நீர் 28, 29 டிகிரி. இங்கே ஏரி 5 டிகிரி. அதனால் ஏரிக்காற்றின் முகப்பு சில நாட்களில் அடித்துத் தள்ளிக்கொண்டு வரும். ஒரு மணி நேரத்துக்குள் வெப்பநிலை 9 டிகிரியோ அதற்கு மேலோ சரிந்தால், அதை 'நிமோனியா முகப்பு' என்பார்கள். 1960களில் மில்வாக்கி வானிலை அலுவலகத்தார் வைத்த பெயர் அது.

இனி, முழுப் பருவத்துக்குமான முன்னோட்டம். அமெரிக்காவின் பருவநிலைக் கணிப்பு மையம் ஒவ்வொரு மாதமும் மூன்றாவது வியாழக்கிழமை இதை வெளியிடுகிறது. வரைபடத்தில் ஓர் ஊரின் மேல் '40 சதவீதம், வழக்கத்தைவிட வெப்பம்' என்ற நிறம் விழுந்திருந்தால், பலர் வெப்பமான வசந்தம் உறுதி என்று படித்துவிடுகிறார்கள். அது தவறு. வழக்கத்தைவிட வெப்பம், வழக்கமான அளவு, வழக்கத்தைவிடக் குளிர் என்ற மூன்று பெட்டிகளுக்கும் தொடக்கத்தில் ஏறக்குறைய 33 சதவீதம் சம வாய்ப்பு. 40 என்றால் ஒரு பெட்டி சற்றே கனத்திருக்கிறது, அவ்வளவுதான். குளிருக்கு இன்னும் 27 சதவீதம் மிச்சமிருக்கிறது. மேலும் பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோவும், குளிரும் லா நினாவும் பெரும்பாலும் வசந்தத்தில்தான் தளர்ந்து திசை மாறும். கணினி மாதிரிகள் அதிகம் தடுமாறும் பருவமும் இதுவே. வீட்டு வெப்பச் செலவைத் திட்டமிட இந்த வரைபடம் உதவும். படகோட்டிக்கும் விமானிக்கும் இதனால் பெரிய பயனில்லை என்பதே என் எண்ணம். அவர்களுக்குக் காற்றின் திசைதான் வேண்டும், அதுவும் மணிக் கணக்கில்.

[திரையில்: பூத்த செர்ரித் தோட்டம், பின்னணியில் ஏரி.]

நிலத்துக்கு வருவோம். ஏரியின் கிழக்குக் கரையில், மிச்சிகன் மாநிலத்தில், புளிப்புச் செர்ரித் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே அவை வளர்வதற்கு ஏரியே காரணம். வசந்தத்தில் ஏரியின் குளிர் மரங்களைச் சீக்கிரம் மொட்டுவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. உறைபனி ஓய்ந்த பிறகுதான் பூ வரும். 2012 மார்ச்சில் இந்தக் கணக்கு தப்பியது. சிகாகோவில் அந்த மாதம் எட்டு நாட்கள் 26 டிகிரியைத் தாண்டின. ஏரியால் தடுக்க முடியாத அளவுக்கு வெப்பம். மரங்கள் மொட்டவிழ்ந்தன. ஏப்ரலில் மீண்டும் மீண்டும் உறைபனி விழுந்தது. மிச்சிகனின் புளிப்புச் செர்ரி விளைச்சலில் சுமார் 90 சதவீதம் போயிற்று. 'வழக்கத்தைவிட வெப்பம்' என்ற முன்னோட்டத்தைக் கண்டு விவசாயி மகிழ்வதில்லை என்பதை நகரத்தார் புரிந்துகொள்ள வேண்டும்.

ஏரி நகரத்தை டொர்னாடோ எனும் சுழல்காற்றிலிருந்து காப்பாற்றும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. குளிர்காற்று சில நாட்களில் இடிமேகங்களை வலுவிழக்கச் செய்வது உண்மை. ஆனால் 1967 ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை மாலை, ஓக் லான் புறநகரைச் சிதைத்த டொர்னாடோ தன் பாதையில் 33 பேரைக் கொன்றது. அது சிகாகோவின் தென்பகுதியைக் கடந்து, ஏரியின் மேலேயே இறங்கிப் போயிற்று. தயவுசெய்து அந்த நம்பிக்கையை வைத்துக்கொண்டு சைரன் ஒலிக்கும்போது ஜன்னலோரம் நிற்காதீர்கள்.

[திரையில்: கறுப்புத் திரையில் இரண்டு எண்கள் — 24015, 06012.]

இது விமானநிலைய முன்னறிவிப்பிலிருந்து எடுத்த வடிவம். முதல் மூன்று இலக்கம் காற்று எங்கிருந்து வருகிறது என்ற திசை, வடக்கிலிருந்து வலச்சுற்றாக டிகிரிக் கணக்கில்; கடைசி இரண்டு, நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவில் வேகம். 24015 என்றால் தென்மேற்கிலிருந்து 15 நாட். 06012 என்றால் வடகிழக்கிலிருந்து 12 நாட். அதாவது ஏரிக்காற்று வந்துவிட்டது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே முன்னறிவிப்பாளர் எழுதும் மணிதான் அன்றைய முக்கியமான செய்தி. சிகாகோவின் ஓஹேர் விமானநிலையத்தின் ஓடுபாதைகளில் பெரும்பாலானவை கிழக்கு மேற்காக ஒன்றுக்கொன்று இணையாக அமைந்தவை. காற்று திரும்பினால், மேற்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்த விமானங்கள் எல்லாம் கிழக்கு நோக்கி இறங்க வேண்டும். வானத்தில் வரிசை கட்டி நிற்கும் விமானங்களை அப்படியே திருப்புவது சிறிய வேலையா? நகரின் இன்னொரு விமானநிலையமான மிட்வே ஏரியிலிருந்து சுமார் 14 கிலோமீட்டர், ஓஹேர் சுமார் 20 கிலோமீட்டர். அதனால் காற்று பெரும்பாலும் மிட்வேயில் முதலில் திரும்பும். சில நாட்களில் ஓஹேரை எட்டாமலேயே நின்றுவிடும். அது எந்த நாள் என்று காலையிலேயே சொல்வதில்தான் திறமை இருக்கிறது.

வெயிலற்ற நாட்களில் தொல்லை வேறு. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த ஏரியின் மேல் படியும்போது மூடுபனியும் தாழ்மேகமும் உருவாகும். வடகிழக்குக் காற்று அதை அப்படியே நகருக்குள் தள்ளும். மேகத்தின் அடிப்பகுதி 1,000 அடிக்குக் கீழே இறங்கினாலோ, பார்வைத்தூரம் 3 மைலுக்குக் குறைந்தாலோ, கருவிகளை நம்பியே இறங்க வேண்டும்; தரையிறங்கும் விமானங்களின் எண்ணிக்கை குறையும். உங்கள் விமானம் தாமதம் என்று பலகை காட்டும்போது, மேற்குப் புறநகரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கலாம்.

[திரையில்: கரையிலிருந்து ஏரி. தூரத்தில் ஒரு சிறு மீன்பிடிப் படகு.]

இப்போது தண்ணீர். மூன்றிலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். மார்ச், ஏப்ரலில் ஏரியின் தென்முனையில் கோஹோ சால்மன் மீன் கரையோரம் வரும், சிறுபடகுக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள்.

கரையோர முன்னறிவிப்பு 5 கடல் மைல் வரைக்கும். அதற்கப்பால் திறந்த ஏரிக்குத் தனி அறிக்கை. காற்று 22 நாட்டை, அதாவது மணிக்கு சுமார் 41 கிலோமீட்டரை எட்டினாலோ, அலை 4 அடியைத் தாண்டினாலோ சிறுபடகு எச்சரிக்கை வரும். 34 நாட்டுக்குக் கடுங்காற்று எச்சரிக்கை. வசந்தத்தில் இதை முடிவுசெய்வது கடினம். 20 டிகிரி காற்று 4 டிகிரி நீரின் மேல் வீசும்போது, கீழே குளிர்ந்த படலம் ஒன்று படிந்து, மேலே சீறும் காற்றை நீர்மட்டத்துக்கு இறங்க விடாது. சில நூறு அடி உயரத்தில் 45 நாட், படகின் மட்டத்தில் 15 நாட். அந்தப் படலம் கலைந்தால் அத்தனையும் கீழே இறங்கும். இது போதாதென்று, பனிக்கட்டி சேதப்படுத்தும் என்பதால் நடு ஏரியின் அளவீட்டு மிதவைகளைக் குளிர்காலத்துக்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். வசந்தத்தில் அவை திரும்ப மிதக்கவிடப்படும் வரை, நடு ஏரியில் என்ன நடக்கிறது என்று நேரடியாகச் சொல்ல ஆளில்லை.

வரிசையாக நகரும் இடிமேகங்கள் ஏரியைக் கடக்கும்போது, திடீர்க் காற்றழுத்த மாற்றம் நீரையே அலையாக உந்தும். 2018 ஏப்ரல் 13 அன்று கிழக்குக் கரையின் லடிங்டன் துறைமுகத்தில் இப்படி ஒன்று பதிவானது. 1954 ஜூன் 26 அன்று நடந்தது கொடுமை. காலையில் இடிமழை கடந்து போய்விட்டது; வானம் அமைதியானது. எதிர்க்கரையில் மோதித் திரும்பிய அலை, ஒரு மணி நேரத்துக்கும் மேல் கழித்துச் சிகாகோ கரையில் ஏறி, மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்களை இழுத்துச் சென்றது. எட்டுப் பேர் இறந்தார்கள். மழை விட்டதும் உடனே அலைதடுப்புச் சுவருக்குத் திரும்பாதீர்கள் என்று முன்னறிவிப்பாளர்கள் சொல்வது இதனால்தான்.

இந்த நீரில் விழுந்தவருக்கு, முதல் ஒரு நிமிடம் மூச்சுத் திணறலை அடக்கிச் சுவாசத்தை நிலைப்படுத்துவதற்கே போய்விடும். அடுத்த பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகலாம். ஆனால் உயிர்காப்பு உடை அணியாதவர் பெரும்பாலும் அதுவரை மிதப்பதில்லை. உடையைப் படகின் இருக்கைக்கு அடியில் வைத்திருப்பதால் பயனில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் அதை எடுத்து மாட்ட முடியாது. கரையிலேயே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானிலை வானொலி இரவு பகலாக ஒலிபரப்பாகிறது. கரையோர அறிக்கையை அதில் கேட்டுவிட்டு, எப்போது திரும்புவீர்கள் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.