புத்தகக் கடைக்கு எப்போது பணம் வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

கையில் காசு இறுகும்போது வீட்டில் முதலில் தள்ளிப்போவது புத்தகச் செலவுதான். அதில் தப்பில்லை, வாடகையும் மருந்தும் போக மிச்சமிருந்தால்தான் புத்தகம். ஆனால் எல்லாரும் ஒரே சமயத்தில் தள்ளிப்போட்டால், ஒருவரோ இருவரோ சேர்ந்து நடத்தும் சிறு கடை என்ன ஆகும்?

அட்டையில் அச்சிட்ட விலையில் பெரும்பகுதி பதிப்பாளருக்கும் விநியோகஸ்தருக்கும் போய்விடும். கடைக்காரருக்கு மிஞ்சுகிற கழிவுத்தொகையில்தான் கடை வாடகை, மின்கட்டணம், சம்பளம் எல்லாம். விற்காமல் அலமாரியில் நிற்கும் ஒவ்வொரு புத்தகமும் முடங்கிய பணம். விற்காததைத் திருப்பி அனுப்பலாம் என்கிற ஏற்பாடு அமெரிக்காவில் பரவியதே 1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில்தான். புதுப் புத்தகம் எடுக்கவே கடைகள் பயந்தன. பதிப்பாளர்கள் இறங்கி வந்தார்கள்.

அதே காலத்தில் பாரிசில் ஒன்று நடந்தது. சில்வியா பீச் என்ற அமெரிக்கப் பெண்மணி 1919-ல் அங்கே தொடங்கிய 'ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி' என்ற புத்தகக் கடை 1936 வாக்கில் மூடும் நிலைக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் ஆந்த்ரே ஜீதும் மற்ற எழுத்தாளர்களும் கூடி, கடைக்கென்று நண்பர்கள் சங்கம் அமைத்தார்கள். ஆண்டுச் சந்தா 200 பிராங்க். சந்தாதாரர்களுக்காகக் கவிஞர் டி. எஸ். எலியட் வந்து தன் எழுத்தை வாசித்தார். கூட்டத்தின் முன் வாசிப்பதென்றாலே ஒதுங்கும் நாவலாசிரியர் ஹெமிங்வேகூட வந்தார். கடை 1941 வரை நின்றது. அதைத் தூக்கி நிறுத்தியதில், முன்கூட்டியே கைக்கு வந்த அந்தச் சந்தாப் பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரக்கம் மட்டும் வாடகை கட்டாது.

இன்று நாம் என்ன செய்கிறோம்? அரைமணி நேரம் கடையில் நின்று புரட்டுகிறோம். "இவர் எழுதியதில் எதை முதலில் படிக்கலாம்?" என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொள்கிறோம். அப்புறம் அட்டையைப் போனில் படம் எடுத்து, வாசற்படி தாண்டுமுன் இணையத்தில் தள்ளுபடிக்கு ஆர்டர் போடுகிறோம். கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பாவம். தள்ளுபடி தேடுவதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அரைமணி நேரத்துக்குச் செலவழித்தவர் அவர்.

பிரான்சில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1981-ல் இயற்றியது. புதுப் புத்தகத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் யாரும் தள்ளுபடி தர முடியாது. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் வாசகர்தான் கை கொடுக்க வேண்டும்.

வெளிவரப்போகும் புத்தகத்துக்குச் சிறு கடையில் முன்பதிவு செய்யலாம். கடையில் இல்லாததை வரவழைத்துத் தரச் சொல்லலாம். பத்து நாள் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. முகநூலில் 'புத்தகக் கடை வாழ்க' என்று எழுதுவதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சொந்தமாக வாங்க வசதியில்லையா? சரி. பள்ளியிலோ நூலகத்திலோ புத்தகம் வாங்கும் குழுவில் இருப்பவர்கள், ஆர்டரில் ஒரு பகுதியைச் சிறு கடைக்குக் கொடுக்கப் பாருங்கள். கொடுத்தால், பில் தொகையை மாதக்கணக்கில் இழுக்காமல் தீர்த்துவிடுங்கள். பெரிய ஆர்டர் கிடைத்தும் பணம் வராமல் தவிக்கும் கடைக்கு, ஆர்டரே சுமையாகிவிடும்.

நன்றி. வணக்கம்.