தரையில் விரித்த வரைபடம்: அருங்காட்சியகங்களும் சமூகப் பிளவுகளும்

(திரையில்: பழைய தேவாலயம் ஒன்றின் உட்புறம். தரையில் பெரிய தெரு வரைபடம்.)

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில், பழைய மெதடிஸ்ட் தேவாலயக் கட்டடத்தில் இயங்கும் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகத்துக்குள் நுழைபவர்கள் முதலில் குனிந்துதான் பார்க்கிறார்கள். தரையில் விரிந்திருக்கும் வரைபடத்தில், தெருக்களின் ஓரமாகப் பேனாவால் எழுதிய பெயர்கள் நெருக்கமாகக் கிடக்கின்றன. எழுதியவர்கள் அந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள்.

பல இனத்தவரும் பல மதத்தவரும் அண்டை அயலாராக வாழ்ந்த டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற அந்த நகர்ப்பகுதியை, 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு வெள்ளையருக்கு மட்டுமே உரியதென அறிவித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் 60,000-க்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டு, நகருக்கு வெளியே இனவாரியாக ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டனர், வீடுகள் தரைமட்டமாயின. 1994-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, இடிப்பிலிருந்து தப்பிய தெருப் பெயர்ப்பலகைகள் கூடத்தில் தொங்கின. சட்டம் பிரித்துவைத்த பழைய அயலார் ஒரே வரைபடத்தின் மேல் நின்று தத்தம் வாசலைத் தேடினார்கள்.

எழுதி முடித்த வரலாற்றைச் சுவரில் மாட்டிவைத்தால், ஏற்பவர் ஏற்பார், மறுப்பவர் மறுத்துவிட்டுப் போவார். "உங்கள் வீடு எங்கே இருந்தது?" என்று ஓர் அருங்காட்சியகம் கேட்கும்போதோ, வந்தவரே சாட்சியாகிறார், பக்கத்தில் நிற்பவர் காது கொடுக்கிறார்.

(திரையில்: கண்ணாடிப் பேழைக்குள் குழந்தைகளின் பொருள்கள்.)

2017-இல் போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவில் திறக்கப்பட்ட போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகமும் இவ்வழியிலேயே செல்கிறது. போருக்கு நடுவே வளர்ந்தவர்கள் தாமே கொடுத்த பொம்மைகள், உடைகள், நாட்குறிப்புகள் ஆகியவற்றின் அருகே அவரவர் சொன்ன சிறு நினைவுக்குறிப்பு இருக்கிறது. ஒரு குழந்தையின் பொம்மைக்கு முன்னால் நிற்பவருக்கு, "இது எந்தத் தரப்பு?" என்ற கேள்வி எளிதில் எழுவதில்லை.

ஆனாலும் எல்லா நினைவிடங்களும் மனங்களைச் சேர்ப்பதில்லை. தம் தரப்பில் இறந்தவர்களை மட்டும் கல்லில் பொறித்து, மறுதரப்பின் துயரத்துக்கு ஒரு வரிகூட இடம் தராத நினைவிடம் பழைய காயத்தை ஆறவிடாது. உண்மையை மழுப்பி, "நடந்தது நடந்துவிட்டது" என்று சமாதானம் பேசும் இடமும் எனக்கு ஏற்புடையதன்று. யார் செய்தார்கள், யாருக்கு நேர்ந்தது என்பது சொல்லப்பட்டாக வேண்டும். நிறவெறி அரசு தன் எதிர்ப்பாளர்களை அடைத்துவைத்த, கேப் டவுனுக்கு அருகிலுள்ள ராபன் தீவுச் சிறை 1997-இல் அருங்காட்சியகமானபின், முன்னாள் அரசியல் கைதிகளே அங்கு வழிகாட்டிகளாயினர். தாம் அடைபட்டிருந்த சிறையின் கதவைப் பிறருக்காகத் திறந்து, நடந்ததை மறைக்காமல் அவர்கள் சொல்கிறார்கள்.

(திரையில்: நீண்ட துணி, அதில் பல வண்ண நூலெழுத்துகள்.)

டிஸ்ட்ரிக்ட் சிக்ஸில் ஒரு நீண்ட துணியும் உண்டு. வருபவர்கள் அதில் தம் பெயரையும் நினைவையும் பேனாவால் எழுதிச் செல்ல, மை மங்கிப்போகாதபடி அந்த எழுத்துகளின் மேலேயே பிறகு நூலால் தைக்கிறார்கள்.